தினமும் ஒரு சாவி



"என்னடா, தாத்தா வாட்ச்சைக் கட்டிக்கிட்டு வந்துட்டே! பேட்டரி மாத்தக் காசு இல்லையா?"

முதல் வருடம், முதல் மாதம், மெக்கானிக்கல் வகுப்பில் பின் பெஞ்சிலிருந்து வந்த கேள்வி இது. வகுப்பே சிரித்தது. "இதுக்குப் பேட்டரியே கிடையாதுடா" என்று நான் சொன்னதும் சிரிப்பு இன்னும் பலமானது. இப்போது மூன்றாம் வருடம். அதே வாட்ச் இன்னும் என் கையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கேலி செய்த நண்பனும் இப்போது தன் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலை நம் ஆண்டு மலரில் சொல்லிவிடலாம் என்றுதான் பேனா எடுத்தேன்.

என் கருத்து இதுதான். பழைய கைக்கடிகாரம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதென்றால் டயலின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதைத் திறந்து சரி செய்யத் தெரிந்த மனிதர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த பின் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். தினமும் கட்டுங்கள். ஏன் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நேரம் யார் கையில்?

என் ஊர் கீழ் கோத்தகிரி. சுற்றிலும் தேயிலைத் தோட்டம். என் தாத்தா அங்கே பிறந்தவர் அல்ல. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். 1970-களில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை.

அந்தக் காலத் தோட்டத்தில் நேரம் என்பது தொழிலாளியின் கையில் இல்லை. விடியும் முன்னே தப்பு அடித்தால் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பாக்டரியில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். நடுவில் மணி என்ன என்பது கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், துரைக்குத் தெரியும். கொழுந்து பறிக்கிறவருக்குத் தெரியாது. "இன்னும் நேரம் ஆகலை" என்று மேலே இருப்பவர் சொன்னால் அதுதான் நேரம்!

இங்கே வந்து கையில் கிடைத்த முதல் போனஸ் பணத்தில் தாத்தா ரேடியோ வாங்கவில்லை, கம்பளி வாங்கவில்லை. ஒரு எச்.எம்.டி. ஜனதா வாட்ச் வாங்கினாராம். அப்பாயி நாலு நாள் பேசவே இல்லையாம். "மேஸ்திரிகிட்ட சண்டை போடறதுக்கு வாங்கலப்பா. இன்னிக்கு நான் எவ்வளவு நேரம் உழைச்சேன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்று தாத்தா சொன்னதை அப்பா இன்றைக்கும் சொல்வார். படிப்பறிவு அதிகம் இல்லாத ஒரு மனிதர் சொன்ன இந்த வார்த்தையைவிடப் பெரிய தொழிலாளர் சட்டம் எதையும் நான் படித்ததில்லை.

தாத்தா காலமான பிறகு அந்த வாட்ச் தகரப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கும் பழைய போட்டோக்களுக்கும் நடுவே பல வருடம் தூங்கியது. பாலிடெக்னிக்கில் எனக்கு இடம் கிடைத்த அன்று அப்பா அதை எடுத்துக் கையில் கொடுத்தார். "மெஷின் படிக்கப் போறே. முதல்ல இந்த மெஷினைப் பாத்துக்க" என்றார்.

ஜனதாவின் கதை

எச்.எம்.டி. என்பது இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ். நம் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் லேத்து, மில்லிங் மெஷின் மாதிரியான எந்திரங்களை நாட்டிலேயே செய்வதற்காக 1953-இல் ஆரம்பிக்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் உதவியுடன் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. லேத்து செய்தவர்கள்தான் வாட்ச்சும் செய்தார்கள் என்பதை மெக்கானிக்கல் மாணவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் நல்ல வாட்ச் என்றால் வெளிநாட்டு வாட்ச்தான். வெஸ்ட் எண்ட், பாவ்ரே லூபா என்று வசதி உள்ளவர்கள் கையில் மட்டும் இருந்தது. எச்.எம்.டி. வந்த பிறகுதான் வாத்தியார், கண்டக்டர், மில் தொழிலாளி, விவசாயி எல்லோரும் வாட்ச் கட்டினார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தால் ஒரு வாட்ச், மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச் என்று அது குடும்பச் சடங்காகவே ஆகிப்போனது. பார்வையற்றவர்கள் விரலால் தடவி மணி பார்க்கும் பிரெய்ல் வாட்ச்கூட அந்த நிறுவனம் செய்தது. ஜனதா என்றால் மக்கள். பெயருக்கு ஏற்ற வாட்ச்!

பிறகு காலம் மாறியது. 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானின் சீகோ கம்பெனி முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. நம் தமிழ்நாட்டிலேயே 1984-இல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்தன. ஓசூரில் பாக்டரி வந்தது. குவார்ட்ஸ் வாட்ச்சுகள் மெல்லியதாக, அழகாக, துல்லியமாக வந்தன. சாவி கொடுக்கும் வாட்ச் பின்னுக்குத் தள்ளப்பட்டது. நஷ்டத்தில் விழுந்த எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடிவிட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

நீலகிரிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிது இல்லை. ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் பிலிம் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். டிஜிட்டல் வந்தது, கடன் ஏறியது, பாக்டரி மூடிப்போனது. ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிலிம் சுருள் ஒரு முறை போட்டோ எடுத்தால் தீர்ந்துவிடும். வாட்ச் அப்படியில்லை. பாக்டரி மூடினாலும் பாக்டரி செய்த மெஷின் ஓடும், ஓட வைக்கத் தெரிந்தவர் இருக்கும் வரை.

காதில் வைத்துக் கேளுங்கள்

வாட்ச் வேண்டாம் என்று சொல்கிறவர்கள்கூட ஒரு முறை இதைக் காதில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். 'டிக் டிக்' என்று ஒரு விநாடிக்கு ஐந்து துடிப்பு. ஜனதா மாதிரியான மெஷினில் மணிக்கு 18,000 துடிப்பு. ஒரு நாளைக்கு எவ்வளவு? 4,32,000. ஒரு வருடத்துக்கு? 15 கோடியே 76 லட்சத்து 80 ஆயிரம்! இத்தனையும் நாம் காலையில் இரண்டு விரலால் கொடுக்கும் சாவியில் நடக்கிறது.

தியரி ஆஃப் மெஷின்ஸ் புத்தகத்தில் கியர் டிரெயின் என்று மனப்பாடம் செய்கிறோமே, அது இங்கே உயிரோடு இருக்கிறது. சுருண்ட மெயின் ஸ்பிரிங் மெல்லத் தளர்கிறது. அந்த விசை பற்சக்கரங்கள் வழியாகப் போகிறது. விநாடி முள் 60 சுற்று சுற்றினால் நிமிட முள் ஒரு சுற்று. நிமிட முள் 12 சுற்று சுற்றினால் மணி முள் ஒரு சுற்று. விசை ஒரேயடியாக ஓடிவிடாமல் ஒரு சின்ன நெம்புகோல் தடுத்துத் தடுத்து விடுகிறது. அதற்குத் தாளம் போடுவது பேலன்ஸ் வீலும், தலைமுடி மாதிரியான ஹேர் ஸ்பிரிங்கும். அந்த ஸ்பிரிங்கைக் கடிகாரத்துக்குக் கொண்டுவந்தவர் ஹாலந்து விஞ்ஞானி ஹைஜன்ஸ், 1675-இல்!

டயலில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்து உள்ளே 17 நவரத்தினம் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். விற்றுப் பணக்காரன் ஆக முடியாதுப்பா! அவை செயற்கை மாணிக்கக் கற்கள். தேய்மானம் குறைய வைத்திருக்கும் பேரிங்குகள், அவ்வளவுதான்.

சரி, துல்லியம்? நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு குவார்ட்ஸ் வாட்ச்சில் உள்ள படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஐந்து துடிப்பு அதோடு போட்டி போட முடியாது. பழைய வாட்ச் ஒரு நாளைக்குப் பத்து, இருபது விநாடி முன்னே பின்னே போகும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பத்து விநாடி தவறினால் 99.98 சதவீதத்துக்கு மேல் சரி. நம்மில் யாராவது எந்த செமஸ்டரிலாவது அந்த மார்க் வாங்கியிருக்கிறோமா?

முதலில் ஆளைத் தேடு, அப்புறம் வாட்ச்

தகரப் பெட்டியிலிருந்து வந்த வாட்ச்சுக்கு நான் ஆசையோடு சாவி கொடுத்தேன். ஓடியது. ஒரு வாரம் ஓடி நின்றுவிட்டது. கோத்தகிரியில் ஒரு சின்ன ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்த பெரியவர் திட்ட ஆரம்பித்துவிட்டார். "தம்பி, இத்தனை வருஷம் தூங்கின மெஷினுக்கு உள்ளே ஆயில் எல்லாம் பிசினாகிப் போயிருக்கும். கழுவி ஆயில் போடாம ஓட விட்டா அச்சு தேயும். பத்து வருஷம் நிறுத்தி வச்ச லாரியை ஆயில் மாத்தாம ஓட்டுவியா?" நியாயமான கேள்வி. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, பழைய வாட்ச் வாங்குவது என்றால் வாட்ச்சோடு ஒரு மனிதரையும் சேர்த்துத் தேட வேண்டும் என்று.

அவரிடம் கேட்டதும், நான் பட்டுத் தெரிந்துகொண்டதும் சேர்த்து நண்பர்களுக்குச் சில யோசனைகள்:

வீட்டில் இருப்பதை முதலில் பாருங்கள். தாத்தா, மாமா, சித்தப்பா யாராவது ஒருவரின் பெட்டியில் ஒன்று கட்டாயம் இருக்கும். சொந்தக் கதை உள்ள வாட்ச்சை விலை கொடுத்து வாங்க முடியாது.

வாங்குவதானால் நிறைய விற்ற மாடலை வாங்குங்கள். ஜனதா, பைலட், சோனா மாதிரி. பாக்டரியிலிருந்து புது உதிரி பாகம் வரும் என்று நம்பி இருக்க முடியாது. செத்துப்போன இன்னொரு வாட்ச்சிலிருந்துதான் பாகம் எடுக்க வேண்டியிருக்கும். அபூர்வமான மாடல் வாங்கினால் பெருமை உண்டு, பாகம் கிடையாது!

பளபளவென்று கண்ணைப் பறிக்கும் டயலைக் கண்டு மயங்காதீர்கள். பழைய மெஷினுக்கு மேலே புதிதாகப் பெயிண்ட் அடித்து, கம்பெனி கனவிலும் செய்யாத கலரில், செய்யாத பெயரில் ஏமாற்றி விற்கிறார்கள். என் நண்பன் ஒருவன் தபாலில் வரவழைத்த வாட்ச்சில் எழுத்தெல்லாம் கோணலாக இருந்தது, முள் வேறு வாட்ச்சின் முள். ஐம்பது வருட வாட்ச் என்றால் ஐம்பது வருடம் தெரிய வேண்டாமா? மங்கிய டயல் குறை இல்லை. பொய் டயல்தான் குறை.

பின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துரு இருந்தால் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். சாவி கொடுத்தால் வழுக்காமல் ஏற வேண்டும். சாவியை இழுத்து முள்ளைத் திருப்பினால் இரண்டு முள்ளும் சேர்ந்து நகர வேண்டும்.

இருட்டில் ஒளிரும் மிகப் பழைய வெளிநாட்டு வாட்ச் என்றால் எச்சரிக்கை. அந்தக் காலத்தில் டயலில் ரேடியம் கலந்த பெயிண்ட் பூசினார்கள். அமெரிக்காவில் வாயில் வைத்துத் தூரிகையைக் கூர்மையாக்கி அந்தப் பெயிண்டைப் பூசிய பெண் தொழிலாளிகள் பலர் 1920-களில் நோய் வந்து இறந்தார்கள். அப்படிப்பட்ட டயலைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள்.

கடைசியாக, வாங்கும் விலையோடு ஒரு சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம். கடன் வாங்கிக் கட்டுகிற வாட்ச்சில் நல்ல நேரம் வராது.

தினமும் கட்டுவது என்றால்

சிலர் பழைய வாட்ச்சை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது நாயை வாங்கிக் கூண்டில் அடைப்பது மாதிரி. வாட்ச் கையில் இருந்தால்தான் அதன் குணம் தெரியும். வேகமாகப் போகிறதா, மெதுவாகப் போகிறதா, சாவி கடினமாகிறதா, சத்தம் மாறுகிறதா எல்லாம் தினமும் கட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். கையிலிருந்து கழற்றிவிட்டுக் கொடுங்கள். போதும் என்று அதுவே தடுக்கும். அதற்கு மேல் பலம் காட்டாதீர்கள். நான் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சாவி கொடுக்கிறேன்.

நம் மலையில் வாட்ச்சுக்கு முதல் எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீழ் கோத்தகிரிக்காரன் நனையாமல் வீடு போய்ச் சேர முடியாது. பழைய வாட்ச்சின் மூடி தண்ணீரைத் தாங்காது. மழை என்றால் கழற்றிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உள் பாக்கெட்டில் வையுங்கள். கண்ணாடிக்குள் பனி மாதிரிப் படிந்தால், வெயிலில் காய வைத்துத் திருப்திப்படாமல் அன்றைக்கே ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். ஒரு நாள் தாமதம் ஒரு துரு.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒர்க்‌ஷாப்புக்குள் வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள்! சுற்றுகிற சக்குக்குப் பழையது, புதியது தெரியாது. ஸ்ட்ராப் மாட்டினால் கையோடு இழுத்துவிடும். இது வாட்ச்சுக்காகச் சொல்லவில்லை, விரலுக்காகச் சொல்கிறேன். சர்ஃபேஸ் கிரைண்டரின் காந்த சக்குக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது. நான் ஒரு நாள் மறந்துபோய் வைத்துவிட்டேன். அடுத்த நாள் வாட்ச் குதிரை மாதிரி ஓடியது. ஹேர் ஸ்பிரிங் காந்தம் ஏறிச் சுருள்கள் ஒட்டிக்கொண்டால் அப்படித்தான் வேகம் பிடிக்கும் என்று பெரியவர் சொல்லி, காந்தத்தை எடுத்துக் கொடுத்தார். மேக்னடிசம் பாடத்தில் படித்ததைவிட அந்தத் திட்டில் அதிகம் படித்தேன்.

செல்போன் இருக்கே?

"மணி பார்க்கத்தான் போன் இருக்கே, எதுக்கு இத்தனை பாடு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். போனில் மணி இதைவிடச் சரியாக இருக்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் மணி பார்க்கப் போனை எடுத்தவன் மணியை மட்டும் பார்த்துவிட்டு வைத்த கதை எங்காவது உண்டா? எடுத்தது ஒன்பது மணிக்கு, வைத்தது ஒன்பதே முக்காலுக்கு. மணி என்ன என்று கேட்டால் அப்போதும் தெரியாது!

என் தாத்தா காலத்தில் நேரம் துரை கையில் இருந்தது. அதைத் தன் கைக்குக் கொண்டுவர ஒரு போனஸையே செலவழித்தார். நாம் கையில் கிடைத்த நேரத்தை யாரிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்? இதை நினைத்துப் பார்க்கத்தான் நான் வாட்ச் கட்டுகிறேன். எல்லோரும் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புது வாட்ச் கட்டுகிறவனைக் கேலி செய்யவும் இல்லை. ஆனால் டிப்ளமா படிக்கிற நாம், கையில் உள்ள பொருள்களில் ஒன்றையாவது எப்படி ஓடுகிறது என்று தெரிந்து, கெட்டால் ஏன் கெட்டது என்று புரிந்து வைத்திருக்க வேண்டாமா?

ஒரு வேண்டுகோள்

போன மாதம் அந்தப் பெரியவர் கடைக்குப் போயிருந்தேன். "ஐயா, உங்களுக்கு அப்புறம் இந்தக் கடையை யார் பாத்துப்பாங்க?" என்று கேட்டேன். ட்வீசரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பையன் கோயமுத்தூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டான். கத்துக்க யாரும் வரல தம்பி. வாட்ச் நிறைய வருது. ஆள்தான் வரல."

நண்பர்களே, நம் கல்லூரியிலிருந்து வருடா வருடம் எத்தனை பேர் மெக்கானிக்கல் டிப்ளமாவோடு வெளியே போகிறோம்! மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள அச்சைக் கையால் எடுத்து அதன் இடத்தில் உட்கார வைக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? சர்டிபிகேட் இல்லாத அந்தப் பெரியவரால் முடிகிறது. அவர் கண்ணும் கையும் ஓய்ந்துவிட்டால் கோத்தகிரி வட்டாரத்துப் பெட்டிகளில் தூங்குகிற அத்தனை வாட்ச்சும் நிரந்தரமாகத் தூங்கிவிடும்.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள். அடுத்த வருட விழாச் செலவில் சின்னத் தொகை ஒதுக்குங்கள். இப்படிப்பட்ட ரிப்பேர்காரர் ஒருவரை மரியாதையோடு அழைத்து, மாலை போட்டு அனுப்பிவிடாமல், இரண்டு நாள் நம் ஒர்க்‌ஷாப்பில் உட்கார வைப்போம். ஓடாத பழைய வாட்ச்சுகளை ஆளுக்கொன்று கொண்டு வருவோம். அவர் திறக்கட்டும், நாம் பார்ப்போம். பிறகு நாம் திறப்போம், அவர் திட்டட்டும்! இருபது பேரில் ஒருவன் பிடித்துக்கொண்டாலும் போதும். அவனுக்கு ஒரு கைத்தொழில், ஊருக்கு ஒரு ரிப்பேர்காரன்.

அடுத்த வருடம் நான் இந்தக் கல்லூரியில் இருக்க மாட்டேன். ஆனால் சனிக்கிழமை மதியம் அந்தக் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரப் பெரியவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இதுவரை மூன்று வாட்ச்சைப் பிரித்திருக்கிறேன். இரண்டை மாட்டியிருக்கிறேன். மூன்றாவதைப் பற்றிக் கேட்காதீர்கள். அதன் ஒரு ஸ்க்ரூவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்!

வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பாருங்கள் நண்பர்களே. ஒன்று கிடைத்தால் உடனே சாவி கொடுத்துவிடாதீர்கள். முதலில் கடைக்கு எடுத்துப் போங்கள். அப்புறம் தினமும் ஒரு சாவி.

— கீழ் கோத்தகிரி மாணவன்,
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்